வெள்ளைக் கோடு

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் உத்தரவு. தின்றதை எல்லாம் எழுத வேண்டுமாம். எப்போது தின்றேன், எப்போது நெஞ்சு எரிந்தது, வயிறு எப்போது உப்பியது என்று எழுதிக் கொண்டுபோனால்தான் அடுத்த மாத்திரை. புத்தாண்டுக்கு மில்லில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எங்கள் மில் காகிதம். பேனாவை வைத்ததும் மை ஊறி அடுத்த பக்கத்துக்கு விருந்தாடப் போய்விடுகிறது. காய்ச்சியவர்கள் நாங்களே என்பதால் யாரிடம் போய்ச் சண்டை போட?

காலை: தோசை நான்கு, தேங்காய்ச் சட்னி. மதியம்: கேண்டீன் சாப்பாடு. சாம்பார் என்று போர்டில் எழுதியிருந்தது. எரிச்சல்: முற்பகல், குண்டுப் பக்கம் போய்வந்த பிறகு.

குண்டு என்றால் வெடிகுண்டு இல்லை, டாக்டர். மில்லின் பின்பக்கம் கட்டியிருக்கும் பெரிய கான்கிரீட் தொட்டி. மேலே கவிழ்த்த சட்டி மாதிரி மூடி. காகிதம் செய்தபின் மிஞ்சும் நார்க்கூழும் கழிவுத் தண்ணீரும் இதுவரை ஓடைக்குப் போய் ஊரை நாறடித்தன. இனிமேல் குண்டுக்குள் போகும். காற்றே புகாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உட்கார்ந்து அதைத் தின்று செரித்து எரிவாயுவாக விடும். அந்த வாயுவில் முதலில் கேண்டீன் அடுப்பு எரியும், பிறகு பாய்லர். கம்பெனி கோடிகளைக் கொட்டி இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நான் இருபது வருஷமாக இதை இலவசமாகச் செய்துவருகிறேன். வீட்டில் விசாரித்தால் சொல்வார்கள்.

குண்டுக்குப் பொறுப்பாளர் சென்னியப்பன்தான் என்று மில்லே பேசியது. மில் என்றால் நான். சென்னியப்பன் என்றாலும் நான்தான். கழிவுநீர்ப் பிரிவில் தலை நரைத்த சூப்பர்வைசர் வேறு யார் இருக்கிறார்? ஆனால் வந்து இறங்கியது இசக்கியம்மாள் என்ற எம்.டெக். திருநெல்வேலிப் பக்கம். முப்பது சொச்சம் வயது. இப்போதைக்கு ஒப்பந்த வேலைதான். திறப்பு விழா அன்று குண்டின் வாயுவில் அடுப்பு எரிந்தால் வேலை நிரந்தரம், எரியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியது என்று ஜி.எம். அவளிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். கதவுக்கு வெளியே நான் தற்செயலாக நின்றிருந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை: இட்லி ஐந்து. எரிச்சல்: இல்லை, வெறும் ஏப்பம்.

கிருமிகள் சாணியிலிருந்துதான் வர வேண்டுமாம். இசக்கியம்மாள் ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர் மாட்டுக் கட்டுத்தரையெல்லாம் ஏறி இறங்கிச் சாணி வாங்கிவந்தாள். எம்.டெக். படித்த பெண் முழங்கை வரை சாணியோடு டெம்போவிலிருந்து குதித்ததை மில்லே வேடிக்கை பார்த்தது. 'சாணி இன்ஜினியர்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. யார் வைத்தார்கள் என்று டாக்டருக்குத் தேவையில்லை.

என்னை 'அண்ணாச்சி' என்கிறாள். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். முதல் நாள் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்த்து, யாராவது துவரம்பருப்பு கேட்கிறார்களோ என்று நினைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மதியம்: அரிசிம்பருப்புச் சாதம், நெய், அப்பளம், மறுபடி நெய். எரிச்சல் நியாயமானது.

பூவாத்தாள் அந்தப் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். என் மனைவிக்கு யாரைப் பார்த்தாலும் இளைத்திருப்பதாகத் தோன்றும், என்னைத் தவிர. வந்தவள் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அப்பா இல்லையாம். அம்மா தையல் மெஷினில் படிக்க வைத்தாளாம். அவள் போனதும் பூவாத்தாள், நமக்கு ஒரு பெண் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று வாயு வந்துவிட்டது.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். குண்டின் பக்கத்தில் ஒரு சின்னப் பர்னர். தீக்குச்சியைக் காட்டினாள். பகல் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எரியலையே என்றேன். என் கையைப் பிடித்துப் பர்னர்மேல் கொண்டுபோனாள். சூடு. உள்ளங்கையை மறைத்துக் குனிந்து பார்த்தால் நீலமாக, கழுத்துச் சங்கிலி கனத்துக்கு ஒரு ஜுவாலை.

"பச்சப்புள்ள வயிறு மாதிரி அண்ணாச்சி இது. ஒரேயடியா ஊத்துனா புளிச்சிரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடுக்கணும். சோப்பு, பிளீச்சிங் பவுடர் மாதிரி எதுவும் உள்ள போச்சுன்னு வைங்க, அம்புட்டும் செத்துரும்."

நான் ஓடையில் விட்டுக்கொண்டிருந்த எழவிலிருந்து தீ வருகிறது. நல்லாத்தான் இருந்தது. சொல்லவில்லை. கேண்டீன் டீயை இதில் போட்டால் டீயும் இதே வாசம் வருமா என்று கேட்டுவைத்தேன். சிரித்தாள்.

ஒரு தைரியத்துக்கு என்று குண்டிலிருந்து ஒரு டிரம் சேறு எடுத்து, பின்னாலிருக்கும் ஷெட்டில் தனியாக வைத்திருக்கிறாள். மூடியில் குழாய் சொருகி ஒரு சைக்கிள் டியூப்பைக் கட்டியிருக்கிறாள். உள்ளே கிருமி உயிரோடிருந்தால் டியூப் உப்பும். எனக்கு மட்டும்தான் காட்டினாள்.

மார்ச் 2, ஞாயிறு

கோழிக்குழம்பு. எழுதி ஒன்றும் ஆவதற்கில்லை.

மார்ச் 6, வியாழன்

காலை: உப்புமா. எரிச்சல்: காலையிலிருந்து ராத்திரி வரை. உப்புமாவைக் குறை சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை திறப்பு. மந்திரி வருகிறார். நிர்வாக அலுவலர் பத்மநாபன் தலைதெறிக்க ஓடுகிறார். மந்திரி வரும் வழியில் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு போட வேண்டும். இந்த நாட்டில் பெரிய மனிதர் வந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. ரோடு இல்லாவிட்டாலும் கோடு இருக்க வேண்டும். கோடு மட்டும் போதாது, குண்டைச் சுற்றி நாற்றமே வரக்கூடாது, வாய்க்காலெல்லாம் பவுடர் கொட்டிப் பைப் அடித்துக் கழுவிவிடு என்றார்.

அந்த வாய்க்கால் தண்ணீர் குண்டுக்குத் தீனி போகிற தொட்டியில்தான் விழும் என்று சொன்னேன். நடுவில் ஒரு ஷட்டர் இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் தண்ணீர் பழைய ஓடைக்குப் போய்விடும். ஷட்டர் சாவி என்னிடம்.

"அப்ப திருப்பிட்டுக் கழுவுப்பா. அத நான் வந்து சொல்லோணுமா?"

போகிற போக்கில் ஒரு செய்தியும் சொன்னார். விழா முடிந்ததும் அந்தப் பெண் மேனேஜர். கழிவுநீர்ப் பிரிவும் அவளுக்குக் கீழே வந்துவிடும். இனிமேல் லீவு வேண்டுமானால் நீ மேடத்திடம்தான் கேட்க வேண்டும் என்று என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். ரிட்டயராகும்வரை சிரிக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

காலை: டீ. மதியம்: டீ. எரிச்சல்: எழுதக்கூடிய அளவில் இல்லை.

இசக்கியம்மாள் அம்மாவை அழைத்துவர ஈரோடு ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். போகும்முன் என்னைத் தேடிவந்து, கழுவுறதுக்கு முன்னாடி ஷட்டரத் திருப்பிருங்க அண்ணாச்சி என்றாள். திரும்பிப் போனவள் மறுபடி வந்து, உங்ககிட்ட போய்ச் சொல்லுதேன் பாருங்க என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

மூட்டை மூட்டையாகப் பவுடர் கொட்டியாயிற்று. ஷட்டரைத் திருப்பத்தான் போனேன். சாவி பாக்கெட்டில்தான் இருந்தது. அதற்குள் பத்மநாபன் பந்தல் பக்கம் கூப்பிட்டார். தோரணம் கோணலாக இருக்கிறது என்றார். கழுவி முடிக்கும்வரை பந்தலிலேயேதான் நின்றிருந்தேன். மற்றதெல்லாம் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

மில் பளிச்சென்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசம்.

மார்ச் 10, திங்கள்

விழா. காலை: கேசரி, பொங்கல், வடை. எல்லாம் இலவசம், எல்லாம் எரிந்தது. அடுப்பைத் தவிர.

பழைய வாயுவை எல்லாம் சனிக்கிழமையே புதுக் குழாயைச் சோதிக்க விட்டுத் தீர்த்திருந்தார்கள். ராத்திரி ஊறும் வாயுதான் விழாவுக்கு. விடிந்து பார்த்தால் மீட்டரில் முள் படுத்துக் கிடக்கிறது. இசக்கியம்மாள் புதுப் பட்டுப்புடவையோடு குண்டுமேல் ஏறி வால்வுக்கு வால்வு காது வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. கீழே மந்திரி கார் வந்துவிட்டது. கார் டயரில் வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டு மேடை வரைக்கும் வந்தது.

பத்மநாபன் சமர்த்தர். கேண்டீன் சிலிண்டர் ஒன்றைப் பேனருக்குப் பின்னால் வைத்து மேடை அடுப்போடு இணைத்துவிட்டார். மந்திரி பட்டனை அழுத்தினார். என்ன அழகான நெருப்பு. கழிவிலிருந்து ஒளி என்று யாரோ மைக்கில் கத்தினார்கள். எல்லாரையும்விட அதிக நேரம் கை தட்டியது முதல் வரிசையில் இருந்த அவள் அம்மா. கை தட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இசக்கியம்மாள் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிலிண்டர் நெருப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 12, புதன்

காலை: கஞ்சி. பூவாத்தாள் வைத்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என் காக்கிப் பேண்ட்டை எடுத்துவந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் பொட்டுப் பொட்டாக வெளுத்திருந்தது. தெறித்த பொட்டு.

"ஏனுங், ஞாயித்துக்கெழம எங்க நின்னுட்டு இருந்தீங்க?"

பந்தலில் என்றேன்.

"பந்தல்லயா பவுடர் தண்ணி ஓடுச்சு? இது வாய்க்கா ஓரமா ரொம்ப நேரம் நின்ன பேண்ட்டு."

கஞ்சியில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

குண்டு புளித்துவிட்டது. அவள் சுண்ணாம்பு போட்டுப் பார்க்கிறாள், தீனியை நிறுத்திப் பார்க்கிறாள். குண்டு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

மதியம் ஜி.எம். அறையில் விசாரணை. சாணி சரியில்லை, தீனி அளவு தப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சாணியைப் பற்றி இத்தனை பேர் பேச எங்கள் மில்லில் இதுவரை வாய்ப்பே கிடைத்ததில்லை. கடைசியாக ஜி.எம். என் பக்கம் திரும்பினார்.

"கழுவினப்ப ஷட்டர் எப்படி இருந்துச்சு, சென்னியப்பா?"

பத்மநாபன் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"திருப்பித்தாங்க இருந்துச்சு."

நான் சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் சொன்னாள்: "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். நாந்தான் தீனியில எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

மாலை: பஜ்ஜி இரண்டு. இறங்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது. கேட் வரை யாரும் வரவில்லை. நான் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று யாராவது எழுதிவைத்தால் நல்லது.

"எல்லாரும் எம்மேல சாட்டுனாங்க அண்ணாச்சி. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை சொல்லல."

ஷெட் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"அந்த டிரம்ம மட்டும் பாத்துக்கிடுங்க. வாரத்துக்கு ஒருவாட்டி கொஞ்சம் கூழ்த் தண்ணி ஊத்துனா போதும். அதே சாணி, அதே கூழு. அது இன்னும் ஒரு மாசம் பொழைச்சிருந்தா எம்மேல தப்பு இல்லன்னு ஆயிரும்லா."

பஸ் வந்துவிட்டது. பை கனமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைய தேதியில் யார் வேண்டுமானாலும் நம்பாமல் இருக்கலாம்: குண்டுக்குப் பொறுப்பாளர் சென்னியப்பன். அறை, மேஜை, சுழலும் நாற்காலி. கதவில் பெயர்ப்பலகை, அதில் என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

வேலை சுலபம். குண்டு செத்துக் கிடக்கிறது. பார்வையாளர் வரும்போது பேனருக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் வந்து நெருப்போடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நான் விளக்கம் சொல்கிறேன். பச்சப்புள்ள வயிறு மாதிரிங்க இது, ஒரேயடியா ஊத்தக்கூடாது என்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.

பூவாத்தாளிடம் பதவியைச் சொன்னேன். சந்தோசமுங்க என்றாள். ஒரு கேசரியாவது கிண்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டிரம்முக்குத் தண்ணீர் ஊற்றினேன். டியூப் நன்றாக உப்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் திருப்பி அழுத்துகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஊற்றினேன். இந்த மில்லில் நான் சொன்னால் கேட்டு வேலை செய்கிற ஜீவன் இது ஒன்றுதான். சித்திரைப் பிறப்புக்குப் பூவாத்தாள் செய்த ஒப்புட்டுப் போளி ஒன்று மிச்சம் இருந்தது, ஷெட்டிலேயே உட்கார்ந்து தின்றேன். எரிச்சல்: மிதம்.

ஏப்ரல் 23, புதன்

குண்டைக் கட்டிய கம்பெனியிலிருந்து ஒரு நிபுணர் திங்கட்கிழமை வருகிறாராம். ஏன் செத்தது என்று பிரேதப் பரிசோதனை. போனில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: விழாவுக்கு முன்னால் எடுத்த சேறு எங்காவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தப்பு குண்டிலா, வெளியே இருந்து வந்ததா என்று ஒரு நாளில் சொல்லிவிடுவாராம். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வேறொரு மில்லில் நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். பழைய இடத்தில் ஏன் தோற்றது என்று கேட்டார்களாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறாள்.

"டிரம்மு உசுரோட இருக்கா அண்ணாச்சி?"

டிரம் ஷெட்டில் இருக்கும்மா, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா விசாரித்ததாகச் சொன்னாள். அன்றைக்கு அடுப்பில் எரிந்தது மகளுடைய வாயு இல்லை என்று இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லையாம்.

எரிச்சல்: ஆம். ஆம். ஆம்.

ஏப்ரல் 26, சனி

நிபுணர் பெரிய ஆள். ஆகவே வெள்ளைக் கோடு. கேட்டிலிருந்து குண்டு வரை ஆட்கள் போட்டு முடித்தார்கள். அரை மூட்டைப் பவுடர் மிஞ்சியது. எங்க வைக்கட்டுங்க என்று கேட்டார்கள். நீங்கள் போங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஷெட்டில் வைத்தேன். ஷெட் சின்னது. டிரம்முக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

டியூப் தரையோடு கிடக்கிறது. செத்த பாம்பு மாதிரி என்று எழுதினேன், அடித்துவிட்டேன். சைக்கிள் டியூப் மாதிரிதான் இருந்தது.

நிபுணர் குண்டைச் சுற்றிவந்தார், டீ குடித்தார், பழைய சேறு கிடைக்காததால் காரணம் உறுதியாகச் சொல்வதற்கில்லை, இயக்கியவரின் தவறாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வளாகம் சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்.

அவளுக்கு நானே போன் செய்தேன். டிரம் செத்துவிட்டது, இந்த வருஷம் வெயில் அப்படி என்றேன். 

"வெயிலாத்தான் இருக்கும். நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, இம்புட்டு நாள் பாத்துக்கிட்டீங்களே."

வீட்டுக்கு வந்தால் கொடியில் என் சட்டை, பனியன், வேட்டி எல்லாம் துவைத்துக் காய்கிறது. சனிக்கிழமை போட்ட பேண்ட் மட்டும் துவைக்கிற கல்மேல் மடித்தபடி கிடக்கிறது. முழங்கால் பக்கம் புதிதாக வெளுத்த பொட்டு மேலே தெரிகிற மாதிரி மடித்திருக்கிறாள் பூவாத்தாள். பக்கத்தில் சோப்பு.  சாப்பாட்டை மேஜையில் மூடி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

இரவு: ரசம் சாதம், வாழைக்காய் வறுவல், மோர்.

எரிச்சல்: இல்லை.